பந்தாட்டத்திலும் நிறபேதமா?

பந்துக்குக் கண் கிடையாது. தன்னை ஏந்தி ஓடுகிறவன் கறுப்பனா, வெள்ளையனா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் பந்தாட்டத்தை நடத்தி வைக்கும் கனவான்களுக்கு மாத்திரம் அது தெரிந்தே தீர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1951-ம் வருஷத்தில் நடந்த ஒரு காரியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுமென்று இதை எழுதுகிறோம்.

அந்நாட்டில் புட்பால் என்பது நம்மவர்கள் காலால் உதைத்து ஆடும் ஆட்டமல்ல. பந்தைக் கையில் ஏந்திக் கொண்டு, மறிக்கிறவர்களை முட்டித் தள்ளி ஓடும் ஆட்டமாகும். காலேஜுகளுக்குள் நடக்கும் இந்த ஆட்டங்கள் முடிந்த பிறகு, புது வருஷப் பிறப்பை ஒட்டி ‘பௌல்’ என்னும் பெரிய ஆட்டங்கள் நடக்கும். அவைகளுக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். போகிற காலேஜுக்குக் கீர்த்தியோடு பணமும் கிடைக்கும்.

சான்பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை என்பது பாதிரிமார் நடத்தும் ஒரு சிறிய ஸ்தாபனம். அதன் அணி ஜோ குஹாரிச் என்பவரிடம் பயின்று, அந்த வருஷம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்தது. அவ்வணியில் ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பர்கள் இருந்தார்கள். மாட்சன் அப்பருவத்தில் பந்தோடு 1,566 கஜ தூரம் ஓடினார். அவ்வருஷம் அந்நாட்டுக் காலேஜ் ஆட்டக்காரர்களில் அவ்வளவு தூரம் ஓடியவர் வேறு எவருமில்லை.

இவ்வளவுக்கும் அழைப்பு வந்ததா? வரவில்லை. புளோரிடாவிலுள்ள மயாமி நகரத்தில் அக்காலத்தில் நடந்துவந்த ‘ஆரஞ்ச் பௌல்’ ஆட்டத்துக்கு வரலாம், ஆனால் அந்த இருவரையும் ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று நிபந்தனை சொல்லப்பட்டதாக அவ்வணியினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மற்ற வெள்ளைக்கார வாலிபர்கள் “அப்படியானால் எங்களுக்கும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். 1952 ஜனவரி 1-ந் தேதி அந்த மைதானத்தில் ஆடியவை ஜார்ஜியா டெக், பெய்லர் என்ற இரண்டு காலேஜுகள். இரண்டும் அக்காலத்தில் கறுப்பருக்கு வாசற்கதவையே திறக்காதவை.

இந்த அணி பலமில்லாத எதிரிகளோடு ஆடி ஜெயித்தது, அதனால்தான் அழைப்பு வரவில்லை என்று சமாதானம் சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம். எதிரிகள் பலமற்றவர்கள் என்பது குறையானால், இருவரை வீட்டில் விட்டு வந்தால் அக்குறை எப்படித் தீரும்? அணியில் முதன்மையானவனைத் தள்ளிவிட்டு வந்தால் அணி பலப்படுமா, பலவீனப்படுமா? நிறத்திமிர் வந்துவிட்டால் கணக்குக்கூட மறந்து போகும் போலும்!

“இரண்டு பேருக்காக இத்தனை பேர் நஷ்டப்படுவதா? பொது நன்மைக்காக அவ்விருவரும் ஒதுங்கியிருக்கலாமே” என்று சில புத்திசாலிகள் சொல்லலாம். உலகத்தில் எந்த அக்கிரமமும் இந்தப் பொது நன்மை என்ற போர்வையைப் போர்த்திக் கொண்டுதான் வருகிறது. நன்மை எல்லோருக்கும், அவமானம் மாத்திரம் இருவருக்கு என்றால் அது எப்படிப் பொதுவாகும்?

அந்த வாலிபர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. காலேஜ் பணமுடையில் இருந்தது. அழைப்பை ஏற்றிருந்தால் அம்முடை கொஞ்சம் தீர்ந்திருக்கும். ஏற்காததால் அந்தப் பருவத்தோடேயே புட்பால் அணி கலைக்கப்பட்டது. ஒன்பது ஆட்டமும் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு இதுதான்!

ஆனால் மானம் வீண் போகவில்லை. மாட்சன் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடி, வெள்ளிப் பதக்கம் ஒன்றும் வெண்கலப் பதக்கம் ஒன்றும் பெற்றார். அவரும், அதே அணியிலிருந்த ஜினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் என்ற வெள்ளையர் இருவரும் தொழில்முறைப் புட்பாலின் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றார்கள். முழங்காலில் பட்ட காயத்தினால் ஆட முடியாமற் போன டோலர், 1965-ல் அந்நாட்டுத் தேசீயப் புட்பால் சங்கத்தின் முதல் கறுப்பு மத்தியஸ்தரானார். வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவரே தப்புச் சரி சொல்லும் ஸ்தானத்தில் நின்றார்! அப்போது அச்சங்கத்தின் தலைவராயிருந்த பீட் ரோசெல், 1951-ல் இந்தக் காலேஜ் அணியின் விளம்பர வேலையைப் பார்த்தவர்தான்.

தோழர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. இழிவுபடுத்தப்பட்டவன் எதிர்ப்பது இயற்கை. அந்த இழிவு தன்னைத் தொடாதவனும், தனக்கு வாசல் திறந்திருக்கும்போதே, “அவனுக்கில்லாத வாசல் எனக்கும் வேண்டாம்” என்று திரும்பி நடக்கிறானா என்பதே கேள்வி. மேடையில் சமத்துவம் பேசுவதற்குச் செலவில்லை. கைக்கு வந்ததை விடுவதற்குத்தான் செலவு. அந்தச் செலவைச் செய்யத் துணிந்தவர்கள் இருபது வயதுப் பந்தாட்டக்காரர்கள். பெரிய மனிதர்கள் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள் இதை யோசித்துப் பார்ப்பார்களாக.