பாணிப் போத்தலும் பரிசோதனையும்

2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அது கொரோனாவைத் தடுக்குமாம்! அதனைப் பகிரங்கமாகப் பருகிய சுகாதார அமைச்சரே 2021 ஜனவரியில் அந்நோய்க்கு ஆளானார்.

நாட்டு வைத்தியத்தை நாம் பழித்தோமல்லோம். எம் பரியாரிமார் நாடி பார்த்தே மருந்து கொடுத்தனர். கடைப் போத்தல் யார் நாடியைப் பார்க்கிறது? 2004 இல் வெளியான ஆய்வொன்றில், பொஸ்டன் நகரை அண்டிய கடைகளில் வாங்கிய 70 தென்னாசிய ஆயுள்வேத மருந்துகளுள் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ காணப்பட்டது.

விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்த்தே விதைக்கும் கமக்காரன், குழந்தைக்குப் புகட்டும் ரொனிக்கை மட்டும் விளம்பரத்தை நம்பி வாங்குவதா? 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டமும் நாவின்ன ஆராய்ச்சி நிலையமும் இந்நாட்டில் உள. நஞ்சில்லை என்பதையும், அருந்தியோர் அருந்தாதோரினும் நலமுற்றனர் என்பதையும் சோதித்துக் காட்டாத எந்த ரொனிக்கையும் விற்க அரசாங்கம் இடமளிக்கலாகாது.