அகலும் சாலையும் அக்காள் தங்கையர் பங்கும்

 

தென்காசிச் சீமையில் பிறந்து வெளியூர்களில் வாழ்வோர், குற்றாலச் சாரல் காலத்தில் ஊர் திரும்பும்போது முதலில் வியப்பது சாலையைக் கண்டுதான். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு வரும் பாதை நான்குவழிச் சாலையாக விரிந்துள்ளது. இருமருங்கும் நிழல் பரப்பி நின்ற முதுமரங்கள் அதன் பொருட்டு வீழ்ந்தன. திருமங்கலத்தில் தொடங்கி ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியே மலை கடந்து கொல்லம் சேரும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையும் அகலப்படுத்தத் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ராஜபாளையத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே நான்குவழிச் சாலைக்காக நஞ்சை நிலங்களை எடுக்கக் கூடாது என்று உழவர்கள் குரல் எழுப்பியதையும் நாம் அறிவோம்.

இருப்புப்பாதையும் அகன்றுவிட்டது. 1903இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கும், 1904இல் அங்கிருந்து மலையைக் குடைந்து புனலூர், கொல்லத்துக்கும் மீட்டர் பாதை வந்தது. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மற்றொரு பாதை வந்தது. விருதுநகர்த் தடம் 2004இலும், திருநெல்வேலித் தடம் 2012இலும் அகலப்பாதை ஆயின. 2010இல் மூடப்பட்ட செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தாம்பரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செங்கோட்டைக்கு ஒரு விரைவு வண்டியும் விடப்பட்டது.

இவற்றால் விளைந்த நன்மைகளை யார் மறுக்க முடியும்? நோயாளி மருத்துவமனையை விரைந்து அடைகிறார். கல்லூரி மாணவி மாலையில் வீடு திரும்புகிறாள். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் விமான நிலையத்திலிருந்து வீட்டை எட்டும் நேரம் குறைகிறது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இருப்புப்பாதை பெரும்பாலும் தன் பழைய நிலத்திலேயே அகன்றது. சாலை அகல வேண்டுமானால் அடுத்தவர் நிலத்தைக் கேட்கும். அந்த நிலம் யாருடையது என்ற வினா எழும்போதுதான் நம் குடும்பங்கள் பலவற்றில் நெடுங்காலம் மூடிவைத்த பெட்டி திறக்கப்படுகிறது.

நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். மூத்த மகன் பயிரிடுவார். இளையவர் வெளிநாட்டில் இருப்பார். பெண்மக்கள் மணமாகிப் போன ஊர்களில் இருப்பார்கள். வயல் ஆண்டுக்குச் சில மூட்டை நெல் தருகின்ற வரையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சாலையோரத்துப் புஞ்சைக் காடு முள் மண்டிக் கிடந்தபோதும் யாரும் கேட்கவில்லை. அரசிதழில் அதன் சர்வே எண் வெளியானதும், ஒரே நாளில் அது இலட்சங்களாக மாறிவிடுகிறது. பிறந்த வீட்டிலிருந்து அழைப்பே வராத தங்கைக்கு அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: “ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, வந்துவிட்டுப் போ.” எதற்காகக் கையெழுத்து என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் காக்காவின் மனம் நோகுமே, பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமே என்று அஞ்சுகிறாள். அவள் ஒப்பமிடுவது விடுதலைப் பத்திரம்.

மதரஸாவில் ஃபராயிள் எனும் வாரிசுரிமைப் பாடம் நடத்துகையில் மாணவர்கள் பின்னங்களை விரைவாகப் போட்டுவிடுகின்றனர். வீட்டில்தான் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் இரு மகள்களையும் விட்டு மறைகிறார். அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் போக எஞ்சியது நாற்பத்தெட்டு இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். எட்டில் ஒரு பங்காகிய 6 இலட்சம் மனைவிக்கு. எஞ்சிய 42 இலட்சத்தில் மகன் ஒவ்வொருவருக்கும் 14 இலட்சம். மகள் ஒவ்வொருத்திக்கும் 7 இலட்சம். அந்நிஸா அத்தியாயம் வகுத்த பங்கு இது. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்குப் பங்குண்டு என்பதும் அதே அத்தியாயத்தின் தீர்ப்பு. தாயும் பின்னர் மறைந்திருந்தால் அவருடைய பங்கையும் தனியே பிரிக்க வேண்டும்.

வயலுக்கு இது பொருந்தாது என்று சிலர் கூறுவதுண்டு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் தொடக்கத்தில் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் சென்னைச் சட்டமன்றம் 1949இல் கொண்டுவந்த திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே தமிழகத்தில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் அதே பங்கீடுதான்.

“நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு தீர்ந்தது” என்பது இன்னொரு வாதம். தந்தை தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைவுக்குப் பின் அவளுக்கு வருவது வாரிசுரிமை. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. “அவளே வேண்டாம் என்று கூறிவிட்டாள்” என்பாரும் உளர். தன் பங்கு எது, அதன் மதிப்பு எவ்வளவு என்று அறிந்து, அதைக் கையில் பெற்ற பின்னர் மனமுவந்து சகோதரனுக்குக் கொடுத்தால் அது கொடை. தொகையை மறைத்து வாங்கிய ஒப்பத்தை எப்பெயரால் அழைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் காண்போம். மாநில நெடுஞ்சாலைக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டமும், தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டின் சட்டமும் நிலம் எடுக்க வழிவகுக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையாயின், எடுக்கவிருக்கும் நிலம் பற்றிய அறிவிக்கை அரசிதழில் வரும். அதன் சாரம் இரு நாளேடுகளில் வெளியாகும், அவற்றுள் ஒன்று வட்டார மொழி ஏடாக இருக்கும். வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலம் அளிக்க வேண்டும். பின்னர் இழப்பீட்டை முடிவு செய்யும் முன், நிலத்தில் உரிமையுள்ள அனைவரும் முன்வருமாறு மீண்டும் ஓர் அறிவிப்பு வரும். பட்டாவில் பெயர் இல்லாத சகோதரியும் அப்போது தன் உரிமையை எழுதிக் கொடுக்கலாம். 2015 முதல் இவ்விழப்பீடு, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறைப்படி கணக்கிடப்படுகிறது. நிலத்தின் சந்தை மதிப்பை ஊர்ப்புறங்களுக்குரிய காரணியால் பெருக்கி, கட்டடம், மரம் முதலியவற்றின் மதிப்பைச் சேர்த்து, அம்மொத்தத்துக்கு இணையான தொகையை ஆறுதல் தொகையாகக் கூட்டித் தருவர். தொகை போதாது எனில் நடுவரிடம் முறையிடலாம். பங்கு பிரிப்பதில் வாரிசுகளுக்குள் வழக்கு மூண்டால் அதை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவர். அதன்பின் பணம் எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. சகோதரியின் ஏழு இலட்சத்தை மறைக்க முயன்றவர் தம் பதினான்கு இலட்சத்தையும் கண்ணால் காணாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஆகவே அறிவிக்கை வரும்வரை காத்திராதீர்கள். மூத்தவர் பெயரில் கிடக்கும் பட்டாவை இன்றே எடுத்துப் பாருங்கள். தமிழக அரசின் இணையதளத்திலேயே பட்டா, சிட்டா விவரங்களைக் காணலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது மகள்கள் பெயரையும் மறைந்த மகளின் குடும்பத்தையும் விடாது எழுதுங்கள். பின்னர் கூட்டுப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். அல்லது பாகப்பிரிவினை செய்து பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானதால், ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கத் திருநெல்வேலி வரை அலைய வேண்டிய தேவையும் இப்போதில்லை.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறோம். மையவாடிக் கணக்கும் வைத்திருக்கிறோம். சாலைத் திட்டம் வரும் ஊர்களில், வாரிசுப் பங்கைக் கணக்கிட்டுச் சொல்ல ஆலிம் ஒருவரும், பத்திரங்களைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் ஒருவரும் மாதம் ஒரு நாள் பள்ளிவாசலில் அமரலாகாதா? அந்நாளில் பெண்களும் வந்து கேட்பதற்குத் தனியிடம் ஒதுக்கலாகாதா?

சகோதரிகளே! உங்களிடம் ஒரு தாளை நீட்டினால் அதைப் படிக்கச் சொல்லுங்கள், தொகையைக் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு நாள் கழித்து ஒப்பமிடுகிறேன் என்று சொல்லுங்கள். அது பிறந்த வீட்டுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. சகோதரர்களே! அவள் கேட்கும்வரை காத்திராமல், பங்கை எழுதி எடுத்துக்கொண்டு நீங்களே அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். அவள் வீட்டுக்குப் போய்வர இப்போது நல்ல சாலை இருக்கிறது.