அழிய மறுக்கும் ரெக்கார்டு

புனே விமான் நகரில் குடியேறிய தமிழர்களுக்குச் ‘சொசைட்டி’ என்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பழக்கமானது. அப்படியொரு சங்கம் உறுப்பினர் விவரம், மெயின்டனன்ஸ் பில், ரசீது எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார். அவர் பெயரை நீக்க அலுவலக ஊழியர் ஃபார்மில் டெலீட் பட்டனை அழுத்துகிறார். தொடர்புடைய ரெக்கார்டுகள் ரசீது டேபிளில் இருப்பதால் நீக்க முடியாது என்று செய்தி வருகிறது. பிழை எண் 3200.

இங்கே கெட்டுப்போனது எதுவும் இல்லை. ஒவ்வொரு ரசீதும் ஓர் உறுப்பினர் எண்ணைச் சார்ந்து நிற்கிறது. அந்த எண்ணை எடுத்துவிட்டால், பணம் கட்டியவர் யார் என்றே தெரியாத ரசீதுகள் மிஞ்சும். அதனால்தான் ஆக்சஸ் தடுக்கிறது. டேபிள்களை இணைத்த அன்று இந்தக் காவலை நாமே கேட்டு வாங்கியிருக்கிறோம்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. அந்த இணைப்பைத் திருத்தும் பெட்டியில் ‘கேஸ்கேட் டெலீட்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் பிழை மறைந்துவிடும். ஆனால் பெயரை நீக்கும்போது அந்த உறுப்பினரின் பல வருட ரசீதுகளும் கூடவே போய்விடும். உறுதிப்படுத்திய பிறகு ‘அன்டூ’ உதவாது. இல்லாத ரசீதை ஆடிட்டர் கேட்டால் சங்கம் எதைக் காட்டும்?

எல்லாத் தடையும் இந்த வகையல்ல. டெலீட் கட்டளை இப்போது கிடைக்காது என்று 2046 வந்தால், முதலில் ஃபார்மைப் பாருங்கள். அதன் பண்புகளில் ‘அலவ் டெலீஷன்ஸ்’ அணைந்திருக்கலாம். கர்சர் இன்னும் எதுவும் எழுதாத புது வரியில் நிற்கலாம். ஃபார்முக்குப் பின்னால் கூட்டுத்தொகை போடும் குவெரி இருந்தாலும் நீக்க முடியாது. பல ரசீதுகளைச் சேர்த்துக் காட்டும் ஒரு வரியில் எதைத்தான் அழிப்பது? இரண்டு டேபிள்களை இணைத்து எழுதிய டெலீட் குவெரியில் 3086 வந்தால், ‘யுனீக் ரெக்கார்ட்ஸ்’ பண்பை ‘யெஸ்’ ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும். சர்வரிலிருந்து இணைத்த டேபிளுக்குத் தனித்த சாவி இல்லாவிட்டால், அதைப் படிக்க மட்டுமே ஆக்சஸ் விடும்.

கோளாறு எந்தப் பக்கம் என்று அறிய ஒரு சோதனை போதும். டேபிள்கள் இருக்கும் கோப்பையே நகலெடுத்து, அந்த நகலில் டேபிளை நேரடியாகத் திறந்து அதே வரியை நீக்கிப் பாருங்கள். நீங்கிவிட்டால் குறை ஃபார்மிலோ குவெரியிலோ இருக்கிறது. அங்கும் மறுத்தால் டேபிள்களின் இணைப்பு, அனுமதி என்று தேடலாம். நகலில் நீங்கி, அசல் டேபிளில் மட்டும் மறுத்தால், அந்த ரெக்கார்டை வேறொருவர் திறந்து பூட்டி வைத்திருக்கக்கூடும்.

புரோகிராம் எழுதுபவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைகளை அடக்க ‘செட்வார்னிங்ஸ்’ வசதியை அணைத்துவிட்டு டெலீட் குவெரியை ஓட்டாதீர்கள். சில வரிகள் நீங்காமல் நின்றுபோனாலும் செய்தி வராது, வேலை முடிந்துவிட்டது என்று ஊழியர் நம்பிவிடுவார். ‘எக்ஸிகியூட்’ கட்டளையோடு ‘டிபிஃபெயில்ஆன்எரர்’ சேர்த்து எழுதினால் தவறு உடனே வெளியே வரும்.

வீட்டை விற்றவருக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்க விதிகள் உறுப்பினர் பதிவேட்டை ‘ஐ’ படிவத்தில் வைக்கச் சொல்கின்றன. அதில் உறுப்பினர் பொறுப்பு முடிந்த தேதிக்கும் காரணத்துக்கும் இடம் உண்டு. விலகியவரின் பெயர் அப்படியே இருக்கும், பக்கத்தில் தேதி ஏறும். கணினியிலும் அதுவே சரியான வழி. உறுப்பினர் டேபிளில் ‘விலகிய தேதி’ என்று ஒரு பத்தி சேர்த்து, அது காலியாக உள்ளவர்களை மட்டும் ஃபார்மில் காட்டினால் பழைய ரசீதுகள் பத்திரமாக இருக்கும். ஒரே ஆளைத் தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தால் மட்டும் ஒன்றை நீக்கலாம், அதுவும் அதன் ரசீதுகளைச் சரியான எண்ணுக்கு மாற்றிய பிறகு.

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்குக் கோப்பில் கேஸ்கேட் டெலீட் டிக் ஆகியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.