ஃப்ரிட்ஜ் நாத்தம் போனா மட்டும் போதுமா?

"ஃப்ரிட்ஜைத் திறந்தாலே குப்புனு அடிக்குது" – ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடுகளிலும் இந்தப் புலம்பல் உண்டு. எலுமிச்சை மூடி, காபித்தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள். அது வாடையை மறைக்கும், காரணத்தை நீக்காது.

வாடை ஒளிந்திருப்பது கதவு ரப்பரின் மடிப்பில், தண்ணீர் வடியும் துளையில், பின்பக்கத் தட்டில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரால் இவற்றைத் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு உலரவிட வேண்டும். பிறகு ஒரு கிண்ணம் சோடாவை உள்ளே வைத்தால் மிச்ச வாடையும் குறையும்.

ஆனால், வாடை இல்லாததெல்லாம் நல்ல உணவு இல்லை. சால்மோனெல்லா கிருமி பெருகிய கறிக்குழம்பும் மோந்து பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். 2021 செப்டம்பரில் இதே ஆரணியில் ஓட்டல் பிரியாணி சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். 10 வயதுச் சிறுமி இறந்தாள். அதை மறக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கரன்ட் போய் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் பால், கறி, மீன், மீந்த குழம்பு எல்லாவற்றையும் கொட்டிவிடுவதே சரி. கூலி நெசவில் ஓடும் குடும்பத்துக்கு "வீணாப் போகுதே" என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரிது. இந்த விஷயத்தில் மூக்கைவிடக் கடிகாரத்தை நம்பலாம்.