வளர்ந்தா மட்டும் போதுமா?

நம்ம லேப்ல நடக்கிற கல்ச்சர் ப்ராஜெக்ட்களில் பாதி ஒரே கதைதான். டெம்பரேச்சர் மாத்தினோம், பி.எச். மாத்தினோம், பாக்டீரியா நல்லா வளர்ந்தது. ஓ.டி. கிராஃப் மேலே ஏறினால் ரிப்போர்ட் ஓவர். ஆனா பாக்டீரியா வளர்றதும் நமக்கு வேண்டிய பொருள் கிடைக்கிறதும் ஒண்ணா? இல்லவே இல்லை என்கிறேன்.

டிப்தீரியா, அதான் தொண்டை அடைப்பான், அதுக்கான தடுப்பூசியைப் பாருங்க. அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, அது வெளியே விடுற நச்சை எடுத்து, ஃபார்மலின் சேர்த்து வீரியத்தைப் போக்கினால் கிடைப்பது டாக்சாய்டு. தடுப்பூசியின் மூலப்பொருளே அதுதான். இதுல வில்லன் யார் தெரியுமா? இரும்பு! ஊடகத்தில் இரும்பு தாராளமா இருந்தா பாக்டீரியா கொழுகொழுன்னு வளரும். நச்சு மட்டும் அடியோட குறைஞ்சிடும். டி.டி.எக்ஸ்.ஆர். என்ற புரதம் இரும்போடு சேர்ந்ததும் நச்சு ஜீனைப் பூட்டிவிடுகிறது. சரி, இரும்பைச் சுத்தமா எடுத்துட்டா? வளர்ச்சியே படுத்துடும். நடுவில் ஒரு மெல்லிய இடம் இருக்கு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. 1936-லேயே பாப்பன்ஹைமர் இதை அளந்து காட்டிட்டார். ஓ.டி. மட்டும் பார்க்கிறவர் அந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடுவார். (எங்க நாரணாபுரம் பக்கம் கம்பி மத்தாப்பு பூப்பூவா பொரியறதே இரும்புத்தூளால்தான். அங்கே ஹீரோ, இங்கே வில்லன்.)

பட்டாசு ஆலையில் அடிபட்டு வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுற டி.டி. ஊசி முன்னாடி ரணஜன்னிக்கு மட்டும்தான். இப்போ அரசு கொடுக்கிற ஊசியில் தொண்டை அடைப்பான் டாக்சாய்டும் சேர்ந்தே வருது. அதனால எங்க ஊர்க்காரனுக்கு இது வெறும் தியரி இல்லை.

குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907-ல் தொடங்கியது. முத்தடுப்பூசி தயாரித்த அரசு நிறுவனம். 2008 ஜனவரியில் அதோட உற்பத்தி லைசென்ஸை நிறுத்தி வெச்சாங்க. கசௌலி, கிண்டி ஆய்வகங்களுக்கும் அதே கதி. ஜி.எம்.பி. தரம் இல்லைன்னு காரணம் சொன்னாங்க. 2010-ல்தான் அந்த உத்தரவு விலகியது. ஜி.எம்.பி.-க்குப் புதுக் கட்டடம் வேணும், சரி. கூடவே ஒவ்வொரு பேட்ச்சும் எந்த நிலையில் வளர்ந்தது, ஏன் அந்த நிலை என்று எழுத்தில் நிரூபிக்கிற ஆளும் வேணும். கெமிக்கல், பயோடெக் படிச்ச நாமோ மொத்தமா சாஃப்ட்வேர் கம்பெனி வாசல்ல நிற்கிறோம். சம்பளம் முக்கியம்தான், மறுக்கல.

ஜூனியர்ஸ், காலேஜ் லேப்ல நச்சுப் பாக்டீரியாவைத் தொடச் சொல்லல, தயவுசெஞ்சு வேண்டாம். சாதாரண ஈ.கோலையில் ஏதாவது ஒரு புரதத்தை எடுத்துக்கோங்க. ஓ.டி. கோட்டுக்குப் பக்கத்துலேயே அந்தப் புரத அளவையும் வரையுங்க. ரெண்டு கோடும் எங்கே பிரியுதோ, வைவால அங்கிருந்து பேச ஆரம்பிங்க.