தெளிந்த தண்ணீரும் தெளியாத மனமும்

கிணற்றை எட்டிப் பார்த்து, “பளிங்கு போலிருக்கிறதே, இதற்கு எதற்குச் சோதனை?” என்று கேட்போர் நம்மில் பலர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனப் பாலாற்றுப் படுகை ஊர்களில், சொந்தக் கிணறோ ஆழ்துளைக் குழாயோ உள்ள வீடுகளில் இக்கேள்வி எழுவதுதான் வியப்பு. தண்ணீர் கெட்ட கதையை அப்பகுதி அறிந்த அளவுக்கு வேறெந்தப் பகுதி அறியும்?

மார்க்கச் சட்டம் கற்ற சிலர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். நிறம், சுவை, மணம் மூன்றும் மாறாத பெருந்தண்ணீர் தூய்மையானதே, பிறகென்ன ஐயம் என்பர். விதி சரியே. ஆனால் அது தஹாரத்துக்குரிய விதி. உளூவுக்குத் தகுந்த தண்ணீர் என்பது, பச்சிளங்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கத் தகுந்தது என்று ஆகிவிடாது. உடலுக்குக் கேடு விளைப்பதை உட்கொள்ளலாகாது என்பதும் அதே சட்ட நூல்களில் உள்ளதுதானே! அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டாமல் விடுகிறோம்?

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. பக்கத்து வீட்டுச் செப்டிக் டாங்கியிலிருந்து மண்வழியே கசிந்து வந்து கலந்தாலும் நாக்கு அறியாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்பது இந்தியக் குடிநீர்த் தரம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அது மிகுந்தால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பூக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ணுவோர், காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடுவதை அறியார். மலக்கிருமியோ, 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கலாகாது. குரோமியத்தின் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இதையெல்லாம் எந்தக் கண் காணும்?

ஆயினும் அறியாமையன்று நம் பெரிய தடை. “நம்மவர் தொழிலை நாமே காட்டிக்கொடுப்பதா?” என்ற தயக்கமே தடை. தோல் பதனிடும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் அந்தச் செல்வத்தில் எழுந்தன. மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் நன்றிக்காக உப்புநீரைக் குடிப்பவர் யார்? வசதியுள்ளவர் வீட்டு வாசலில் கேன் தண்ணீர் வந்து இறங்குகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவனின் தெருக் கிணறுதான் அந்த நன்றிக்கடனைச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நம் இளைஞர் ஒருமுறை படிக்கவேண்டும். நீரைக் கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை அது நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. திண்டுக்கல் வட்டாரத்துப் 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஆராய்ந்து, அவற்றுள் 350 கெட்டுவிட்டன என்று கண்ட கணக்கெடுப்பு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. யாரோ சிலர் கிணறு கிணறாகச் சென்று எண்ணியதால் அந்த எண் நீதிமன்றம் வரை போயிற்று. வாய்ச்சொல் புலம்பல் போயிருக்குமா? இழப்பீடு கிடைக்காதோருக்கு அதை வழங்குக, கெடுத்தோரிடம் வசூலித்துக்கொள்க என்று 2025 ஜனவரி 30-இல் அந்நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்நிலையென்றால், கையில் ஆய்வுத்தாள் இல்லாத வீட்டின் முறையீட்டுக்கு என்ன எடை இருக்கும்?

செலவு பெரிதன்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்கள் தனியார் கிணற்று நீரையும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. வேதிச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில், அதே நீரால் நன்கு அலசிய பின், இரண்டு லிட்டர் நிரப்பினால் போதும். கிருமிச் சோதனைக்குத் தனிப் புட்டி வேண்டும். கிருமி நீக்கிய அதை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்கி, நீரெடுத்ததும் ஐஸ் வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும். பழைய குளிர்பானப் புட்டியில் மொண்டு மூன்று நாள் கழித்துக் கொடுத்தால், வருவது கிணற்றின் கணக்கன்று, புட்டியின் கணக்கு! கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை.

கட்டணம் தர இயலாத வீடுகளுக்கு ஜமாஅத் நிதியிலிருந்து கொடுக்கலாம். வரும் தாள்கள் முத்தவல்லியின் மேசை இழுப்பறையில் உறங்காமல், தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கட்டும். வீட்டுக்காரர் பெயரை எழுதத் தயக்கமெனில், தெருவின் பெயரை மட்டும் எழுதினால் போதும்.