பெண் வேஷம் குற்றமல்ல

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தெருக்கூத்து பார்ப்பவர்கள், சேலை கட்டிக் கூந்தல் விரித்துக் கதறும் திரௌபதி ஓர் ஆண் என்று தெரிந்தேதான் கலங்குகிறார்கள். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் சுஜாதாவாக எழுதியதையும் தமிழ் வாசகர்கள் மோசடியாகக் கருதவில்லை. அப்படியிருக்க, இணைய விளையாட்டில் பெண் பாத்திரம் எடுக்கும் இளைஞனை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

கூத்தில் வேஷம் ஊருக்கே தெரியும், இணையத்தில் தெரியாதே என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் வேஷத்தைக் காட்டி ஒருவரின் பணத்தையும் நம்பிக்கையையும் பறிக்கும்போதுதான் அது குற்றமாகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-டி பிரிவும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கே 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. காதல் பேசிப் பணம் கறப்பவனை அதில் பிடியுங்கள். பெண் பெயரைக் கண்டதும் ஆபாசச் செய்தி அனுப்புகிறவர்களையும் விடாதீர்கள். விளையாட வரும் பெண்கள் ஆண் பெயருக்குள் ஒளிந்துகொள்வது அவர்களால்தான்.